வேகக் கப்பலுக்கு முதலில் நேர அட்டவணை, பிறகு எஞ்சின்: வடிவமைப்பையும் பணத்தையும் ஒரே கணக்கில் வைப்பதற்கான முழு வழிகாட்டி

புதுச்சேரிக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது காரைக்கால். இரண்டும் ஒரே ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் சாலையில் செல்ல வேண்டும். கடல் வழியே போனால் தூரம் ஏறக்குறைய 60 கடல் மைல். இந்த வழியில் ஒரு வேகக் கப்பல் விட்டால் என்ன என்ற கேள்வியைக் கடலூர் முதுநகரின் படகுத் துறையிலும், தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலும், என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடமும் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் அனைவரும் அடுத்த மூச்சிலேயே வேகத்துக்கு வந்துவிடுகிறார்கள்: முப்பது நாட் போதுமா, நாற்பது வேண்டுமா என்று. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். படகுகளையும் சிறு கப்பல்களையும் வடிவமைத்து வந்த ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது, அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பதே.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் புதுச்சேரி–காரைக்கால் வழியையே கற்பனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கப்பலின் விலை, டீசல் விலை, இயங்கும் நாள்கள் ஆகியவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் வழிக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்; கணக்கின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

படி 1: ஒரு நாளைக்கு எத்தனை நடை?

பேருந்து முதலாளிகள் நன்றாக அறிந்த ஒன்றைக் கப்பல் வடிவமைப்பாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். வண்டி சம்பாதிப்பது நடைக் கணக்கில்தான். நடையோ முழு எண்ணாகத்தான் வரும், நாலே முக்கால் நடை என்று ஒன்று கிடையாது.

ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் சேவை நடத்தலாம் என்று கொள்வோம். ஒவ்வொரு நடைக்கும் துறைமுக வாயில் வழியே மெதுவாக வெளியேறுவது, கட்டுவது, பயணிகளை இறக்கி ஏற்றுவது எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம். 24 நாட் வேகத்தில் 60 கடல் மைலுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அரை மணியைச் சேர்த்தால் மூன்று மணி. பன்னிரண்டு மணி நேரத்தில் நான்கு நடை, அதாவது போக வர இரண்டு முறை. 30 நாட் என்றால் ஒரு நடைக்கு இரண்டரை மணி. அப்போதும் நான்கு நடைதான், மிஞ்சும் இரண்டு மணி நேரத்தில் கப்பல் கரையோரம் சும்மா நிற்கும். 35 நாட் வேகத்தில் ஐந்தாவது நடைக்கும் நேரம் இருக்கும்; ஆனால் கப்பல் இரவில் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும் என்றால் அங்கும் அதே நான்குதான். ஆறு நடை வேண்டுமானால் ஒரு நடையை இரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும்; அதற்கு 40 நாட் தேவை. ஆக இந்த வழியில் பொருளுள்ள வேகங்கள் இரண்டே இரண்டு: 24 அல்லது 40. இடைப்பட்ட எல்லா வேகமும் பயணியின் நேரத்தைக் கொஞ்சம் மிச்சப்படுத்தும், ஆனால் கப்பலுக்கு ஒரு நடைகூடச் சேர்க்காது.

இதே இடத்தில் இன்னொரு கணக்கையும் பார்த்துவிட வேண்டும். பயணிகளை ஏற்றி இறக்கும் நேரத்தில் பத்து நிமிடம் குறைப்பதற்கு அகலமான இரண்டு கதவுகளும், அலையோடு ஏறி இறங்கும் மிதவை மேடையும், கரையிலேயே பயணச்சீட்டைச் சரிபார்த்துவிடும் ஏற்பாடும் போதும். அதே பத்து நிமிடத்தைக் கடலில் மிச்சப்படுத்துவதற்கு ஆகும் செலவை மூன்றாம் படியில் பார்த்த பிறகு, மிதவை மேடையை யாரும் ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள்.

தேவையையும் நாள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். காரைக்காலுக்குப் போகிறவர்களில் திருநள்ளாறு சனீஸ்வரனைத் தரிசிக்கப் போகிறவர்கள் கணிசம். சனிக்கிழமை நிரம்பும் கப்பல் செவ்வாய்க்கிழமை பாதிகூட நிரம்பாது. 150 இருக்கைக் கப்பலில் சராசரியாக 100 பேர் ஏறுவார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இதுவே தாராளமான ஊகம்.

படி 2: கடலைக் கேளுங்கள்

இங்கே இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: ஆண்டில் எத்தனை நாள் ஓட முடியும், எந்த ஆழத்தில் ஓட முடியும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாடைக்காற்று வீசும்போது இந்தக் கரையில் அலை எப்படி எழும் என்பதை தேவனாம்பட்டினத்துக் குழந்தையும் சொல்லும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. புயல் நாள்கள் மட்டுமல்ல, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறாத சாதாரண வாடை நாள்களிலும் வேகக் கப்பல் நிற்க வேண்டி வரும். ஏனென்றால் சர்வதேச கடல்சார் அமைப்பின் அதிவேகக் கலன் விதித்தொகுப்பின்படி ஒவ்வொரு கலனுக்கும் எந்த அலை உயரம் வரை ஓடலாம் என்பதை இயக்க அனுமதிச் சான்றிதழிலேயே குறித்துவிடுவார்கள். பழுதுபார்ப்பு, ஆண்டு ஆய்வு ஆகியவற்றையும் கழித்து 270 நாள் என்று வைக்கிறேன்.

ஆழம் பற்றிப் பலர் நினைப்பதே இல்லை. ஆழம் குறைந்த நீரில் அலை ஓடக்கூடிய உச்ச வேகம் ஒன்று உண்டு. ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். 15 மீட்டர் ஆழத்தில் அது ஏறக்குறைய 23.6 நாட். கப்பல் அதே வேகத்தை எட்டும்போது தான் எழுப்பிய அலையைத் தானே தாண்ட முடியாமல் திணறும். எரிபொருள் எகிறும், கரைக்குப் பெரிய அலை போகும், ஓரத்தில் நிற்கும் ஃபைபர் போட்டுகள் ஒன்றோடொன்று மோதும். அதாவது நாம் தேர்ந்தெடுக்க நினைக்கும் 24 நாட் வேகத்துக்கு 15 மீட்டர் ஆழம்தான் மிக மோசமான இடம். உச்ச வேகத்தின் எண்பது சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமானால் 25 மீட்டர் ஆழக் கோட்டுக்கு வெளியே ஓட வேண்டும். சற்றுச் சுற்றாக இருந்தாலும் அந்த வழியே மலிவு. கரையோரம் வலை விரித்திருக்கும் மீனவர்களுக்கும் அதுவே நல்லது.

படி 3: ஒரு நிமிடம் என்ன விலை?

உதாரணத்துக்கு 35 மீட்டர் நீளமுள்ள அலுமினிய கேடமரானை எடுத்துக்கொள்வோம். நம் கட்டுமரத்திலிருந்து போன சொல்தான் கேடமரான். ஆனால் கட்டுமரம் மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, இன்றைய கேடமரானோ இரண்டு மெலிந்த உடல்களை மேல்தளத்தால் இணைத்தது. முழுச் சுமையோடு இதன் எடை 100 டன். 30 நாட் வேகத்துக்கு 2,450 கிலோவாட் திறன் தேவை என்று கொள்வோம். இந்த வகை உடலில், இந்த வேக வரம்பில், திறன் வேகத்தின் இரண்டரை அடுக்காக (2.5 என்ற அடுக்குக்குறியில்) ஏறும் என்ற எளிய ஊகத்தைப் பயன்படுத்துகிறேன். உண்மையான திட்டத்தில் இந்த இடத்தில் மாதிரிச் சோதனைத் தொட்டியின் முடிவுதான் நிற்க வேண்டும். 1872-இல் இங்கிலாந்தின் டார்க்கீயில் வில்லியம் ஃப்ரூட் தொட்டி கட்டிய காலத்திலிருந்து அதற்கு ஈடான மாற்று வரவில்லை. கணினிக் கணக்கீடு அதற்குத் துணைதான்.

அந்த ஊகப்படி 24 நாட் வேகத்துக்கு 1,400 கிலோவாட், 35-க்கு 3,600, 40-க்கு ஏறக்குறைய 5,030. ஒரு கிலோவாட் மணிக்கு 210 கிராம் டீசல் என்று கொண்டால், ஒரு நடைக்கு 24 நாட் வேகத்தில் 870 லிட்டர், 30-இல் 1,218 லிட்டர், 35-இல் 1,534 லிட்டர், 40-இல் 1,875 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைப்போம்.

இனி வேகத்தை நிமிடக் கணக்கில் விலை பேசலாம். 24-லிருந்து 30-க்குப் போனால் முப்பது நிமிடம் மிச்சம்; கூடுதல் டீசல் 31,320 ரூபாய்; நிமிடத்துக்கு 1,044 ரூபாய். 30-லிருந்து 35-க்குப் போனால் பதினேழு நிமிடம் மிச்சம். கூடுதல் டீசல் 28,440 ரூபாய். நிமிடத்துக்கு 1,673 ரூபாய். 100 பயணிகளுக்குப் பகிர்ந்தால், பயணி ஒருவர் முதல் முப்பது நிமிடத்தில் ஒவ்வொன்றுக்கும் பத்து ரூபாயும், அடுத்த பதினேழு நிமிடத்தில் ஒவ்வொன்றுக்கும் பதினேழு ரூபாயும் கொடுக்கிறார். வடிவமைப்பாளரும் முதலீட்டாளரும் ஒரே மேசையில் உட்காரும்போது இந்த ஓர் எண்ணையே நடுவில் வைக்கச் சொல்வேன். நாட், கிலோவாட் என்று பேசினால் முதலீட்டாளருக்குப் புரியாது. வட்டி, தேய்மானம் என்று பேசினால் பொறியாளர் காதில் ஏறாது. நிமிடத்துக்கு எத்தனை ரூபாய் என்பது இருவருக்கும் புரியும்.

இதை மறந்து நொந்த பெரிய கப்பல்களின் கதை உலகக் கடல்களில் நிறைய உண்டு. 1972, 1973-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் சீ-லேண்ட் நிறுவனம் 33 நாட் வேகத்தில் ஓடும் எட்டு எஸ்.எல்-7 கன்டெய்னர் கப்பல்களை இறக்கியது. முழு வேகத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 டன் எரிபொருள் குடிக்கும் அவை. 1973-இன் எண்ணெய் நெருக்கடி வந்ததும் கணக்கு தலைகீழானது. 1980-களின் தொடக்கத்தில் எட்டும் அமெரிக்கக் கடற்படையிடம் போய்ச் சேர்ந்தன. ஜப்பானில் டோக்கியோவிலிருந்து ஒகசவாரா தீவுகளுக்கு ஓடுவதற்கென்றே கட்டப்பட்ட டெக்னோ சூப்பர்லைனர் 2005-இல் தயாரான வேளையில் எரிபொருள் விலை ஏறியிருந்தது. அந்தக் கப்பல் பயணிகள் சேவையைத் தொடங்கவே இல்லை. இந்தக் கப்பல்கள் எவையும் பொறியியலில் தோற்றவை அல்ல என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். அவற்றை வரைந்தவர்கள் அருமையாக வரைந்திருந்தார்கள்.

வேகத்துக்கு வேறு யாரோ பணம் கொடுத்த வழிகளும் உண்டு. ஆங்கிலக் கால்வாயில் 1968 முதல் ஓடிய பெரிய ஹோவர்கிராஃப்ட் (காற்று மெத்தையில் மிதந்து ஓடும் கலன்) சேவைக்கும், ஹோலிஹெட் துறைமுகத்திலிருந்து அயர்லாந்துக்கு ஓடிய ஸ்டெனா நிறுவனத்தின் ஹெச்.எஸ்.எஸ் என்ற வேகக் கப்பலுக்கும், உள்ளே இருந்த வரியில்லாக் கடையின் வருமானம் பெரிய தூணாக இருந்தது. 1999-இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே அந்தச் சலுகை நின்றது. 2000 அக்டோபரில் ஹோவர்கிராஃப்ட் நின்றது. கேஸ் டர்பைன் எஞ்சினில் ஓடிய ஹெச்.எஸ்.எஸ் 2014 வரை தாக்குப்பிடித்தது. மறுபுறம், 2013-இல் ஆஸ்திரேலியாவின் இன்கேட் நிறுவனம் கட்டிய 58 நாட் வேகக் கப்பலான ஃபிரான்சிஸ்கோ, பியூனஸ் அயர்ஸ்–மான்டேவிடியோ வழியில் உள்ளே பெரிய வரியில்லாக் கடையோடு ஓடுகிறது. உங்கள் வழியில் டிக்கெட் தவிர வேறு என்ன வருமானம் வரும், அது யாருடைய ஒரு கையெழுத்தில் நின்றுபோகும் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எடை, எடை, எடை

நேரத்துக்கு விலை கண்டது போலவே எடைக்கும் கண்டுவிட்டால், வடிவமைப்பின் பாதிச் சண்டைகள் தீர்ந்துவிடும்.

100 டன் கப்பலில் ஒரு டன் கூடினால் தேவைப்படும் திறனும் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். 24 நாட் வேகத்தில் ஒரு நடைக்கு 8.7 லிட்டர், 783 ரூபாய். ஆண்டுக்கு 270 நாள், நாளுக்கு நான்கு நடை என்றால் 1,080 நடை, ஏறக்குறைய 8.46 லட்ச ரூபாய். பதினைந்து ஆண்டு, பத்து சதவீத வட்டி என்று இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 64 லட்சத்துக்குச் சற்று மேல். அதாவது இந்தக் கப்பலில் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் இன்றே கையில் 6,400 ரூபாய்க்குச் சமம்.

இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் பேரம் பேசலாம். இருக்கை ஒன்று ஐந்து கிலோ குறைவாகக் கிடைத்தால் 150 இருக்கைக்கு 750 கிலோ. மதிப்பு 48 லட்சம். ஆக ஓர் இருக்கைக்கு 32,000 ரூபாய் வரை கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை. உள்சுவருக்குப் பளபளக்கும் கனமான பலகை போடலாமா, குளிர்சாதனக் கருவியில் எது, கழிப்பறை எத்தனை என்று ஒவ்வொன்றையும் இந்தத் தராசில் வையுங்கள். இரும்பா அலுமினியமா என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது: அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இரும்பின் அடர்த்தி 7.85, பற்றவைத்த இடத்தில் அலுமினியம் வலுவிழப்பதால் தடிமனைக் கூட்ட வேண்டியிருந்தாலும், உடலின் எடை ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும். இருபது டன் குறைந்தால் அதன் மதிப்பு கிட்டத்தட்ட பன்னிரண்டே முக்கால் கோடி. அலுமினியத்தின் கூடுதல் விலையும், அதைப் பற்றவைக்கத் தெரிந்த ஆளின் கூடுதல் கூலியும் அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அடங்கும்.

எடை எப்படி ஏறுகிறது என்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். முதுநகரில் உப்பனாற்றங்கரைப் பட்டறை ஒன்றில் ஃபைபர் போட்டுக்குக் கண்ணாடி இழைப் பாயை (மேட்) விரித்து ரெசின் பூசும்போது, ஓர் ஆள் உருளையால் அழுத்தி மிகுந்த ரெசினைப் பிழிந்து வெளியேற்றுவார். உருளை சரியாக ஓடிய இடத்தில் கண்ணாடி இழை தெரியும். ஓடாத இடத்தில் ரெசின் குளம்போல் தேங்கிக் காயும். தேங்கிய ரெசின் வலுவைக் கூட்டாது, எடையை மட்டுமே கூட்டும். கையால் பூசும் முறையில் மொத்த எடையில் கண்ணாடி இழை மூன்றில் ஒரு பங்கு வருவதே பெரிது. வெற்றிடத்தில் ரெசினை உறிஞ்சவிடும் முறையில் அது பாதியைத் தாண்டும். பட்டறைக்காரர் மாலையில் ரெசின் டிரம்மை எடை போட்டு, காலையில் இருந்ததிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று சுவரில் கரியால் எழுதிவைப்பார். எடைக் கட்டுப்பாடு பற்றி நான் பெற்ற முதல் பாடம் அந்தக் கரி எழுத்துதான்.

பின்னாளில் நான் வேலை பார்த்த இடம் ஒன்றில், அந்தக் கரி எழுத்து இல்லாததால் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். பயணிகள் படகு ஒன்றின் எடையை எல்லாம் முடிந்து கிரேனில் தூக்கியபோதுதான் முதல்முறையாகப் பார்த்தோம். கணக்கைவிட இரண்டு டன்னுக்கு மேல் கூடியிருந்தது. யாரும் பெரிய தவறு செய்யவில்லை. மின்கம்பிகளின் எடையை யாரும் சேர்க்கவில்லை, ஒலித்தடுப்புப் பஞ்சு இரண்டு அடுக்காகப் போயிருந்தது, வண்ணம் மூன்று பூச்சுக்குப் பதில் ஐந்து பூச்சாகியிருந்தது. ஒப்பந்த வேகம் கிடைக்கவில்லை, அபராதம் கட்டினோம். அன்றிலிருந்து என் வரைபடப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எடை, ஈர்ப்பு மையம், அளந்தவர் பெயர் என்று மூன்று பத்திகள் உண்டு. பட்டறைக்குள் வரும் எதுவும் தராசைத் தாண்டித்தான் வரும். முதல் வரைபடத்திலேயே ஐந்து முதல் பத்து சதவீதம் எடை இடைவெளி வைத்துவிடுங்கள். அது எப்படியும் நிரம்பும்.

படி 5: உடல் வடிவம்

நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள். வேகத்தை (மீட்டர்/நொடி) ஈர்ப்பு முடுக்கமும் நீளமும் பெருகியதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது ஃப்ரூட் எண். அது 0.5-ஐ நெருங்கும் இடத்தில் அலைத்தடையின் மேடு இருக்கிறது, அதாவது கப்பல் தான் எழுப்பும் அலையால் படும் தடை மிகுந்து நிற்கும் இடம். 35 மீட்டர் கப்பலுக்கு அது ஏறக்குறைய 18 நாட். மேட்டின் மேலேயே ஓடுமாறு ஒரு கப்பலை வரைவது பணத்தைக் கடலில் கொட்டுவதாகும். நம் 24 நாட் 0.67-இல் நிற்கிறது, மேட்டைத் தாண்டிய பாதுகாப்பான இடம். ஆனால் அதிகச் சுமை ஏற்றியோ, அடியில் பாசியும் சிப்பியும் பிடித்தோ வேகம் 20-க்கு இறங்கினால் மேட்டின் சரிவில் மாட்டிக்கொள்வோம். அப்போது எஞ்சின் திணறும். அதனால் மேட்டைத் தாண்டுவதற்கென்று சற்றுத் திறனைக் கையிருப்பில் வைக்க வேண்டும்.

நீளத்தைக் கூட்டுவது பெரும்பாலும் எஞ்சினைக் கூட்டுவதைவிட மலிவு. வெற்று உடலில் மூன்று மீட்டர் சேர்ப்பதற்கு அலுமினியத் தகடும் கூலியும் மட்டுமே செலவு. அதே பயனைத் தரும் எஞ்சின் திறன் ஒவ்வொரு நடையிலும் டீசல் கேட்கும்.

எதிரலையில் இரண்டு உடல்களுக்கும் நடுவே உள்ள மேல்தளத்தின் அடிப்பாகம் நீரில் அறையும். அதை உயர்த்தி வைத்தால் எடை கூடும், தாழ்த்தினால் ஓட்டம் தடைபடும். ஆட்டத்தைக் குறைக்கும் நகரும் துடுப்புத் தகடுகளுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஆகும் என்று கொள்வோம். பதினைந்து ஆண்டில் திருப்பினால் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாள் கப்பல் நின்றால் முதலீட்டுக் கடனின் பங்கு மட்டும் ஏறக்குறைய 1.95 லட்ச ரூபாய் போகிறது. ஆக அந்தத் தகடுகள் ஆண்டில் பத்து நாள் ஓட்டத்தைக் காப்பாற்றினால் தம் விலையைக் கொடுத்துவிடும். வாடைக் காலத்தில் ஒருமுறை வாந்தியெடுத்துத் தளர்ந்து இறங்கிய பயணி மறுமுறை பேருந்துக்குத்தான் போவார் என்பது இந்தக் கணக்கில் சேராத இழப்பு.

படி 6: எஞ்சினும் உந்துவிசையும்

கடைசியில் எஞ்சினுக்கு வந்துவிட்டோம். 24 நாட் வேகத்துக்கு 1,400 கிலோவாட் வேண்டும் என்றால், எஞ்சினை அதன் உச்சத்தில் 85 சதவீதத்தில் ஓட்டுவதாக வைத்து 1,650 கிலோவாட் பொருத்த வேண்டும். உச்சத்திலேயே ஓட்டும் எஞ்சின் தரும் சிறு கூடுதல் வேகம், பிரித்துப் பழுதுபார்க்கும் காலத்தை முன்னுக்கு இழுத்துவிடும். இரண்டு பெரிய எஞ்சினா, நான்கு சிறியவையா என்ற கேள்வியில் நான் நான்கின் பக்கம் சாய்வேன். ஒன்று நின்றாலும் நடை நிற்காது. சிறிய எஞ்சினுக்குச் சென்னையிலேயே உதிரிபாகமும் ஆளும் கிடைப்பது எளிது. உதிரிபாகத்துக்கு ஆறு வாரம் காத்திருக்கும் கப்பல் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் பயன் இல்லை.

நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் நீர்த்தாரை உந்தியா (வாட்டர்ஜெட்), உந்துவிசிறியா (புரொப்பெல்லர்)? முப்பது நாட் வேகத்துக்கு மேல் நீர்த்தாரை ஒளிர்கிறது; ஆழம் குறைந்த முகத்துவாரத்திலும் அது வசதி. 24 நாட் வேகத்தில் நன்றாக வரைந்த விசிறியே எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும், விலையும் குறைவு. ஆனால் புதுச்சேரி துறைமுக வாயிலில் மணல் மேடிட்டுத் தூர்வார வேண்டி வருவதை மறக்கக் கூடாது. விசிறியைக் குடைந்த சுரங்க வடிவுக்குள் ஏற்றி மிதப்பாழத்தை, அதாவது கப்பல் நீருக்குள் மூழ்கி நிற்கும் ஆழத்தைக் குறைக்கலாம். அறுந்த வலையும் பிளாஸ்டிக் பையும் இரண்டு வகையையும் படுத்தும். நீர்த்தாரையின் வாயிலுக்கு உள்ளிருந்தே கைவிட்டு எடுக்கும் திறப்பு வேண்டும்.

அலுமினிய உடலுக்குச் செம்பு கலந்த பாசித்தடுப்பு வண்ணத்தை நேரடியாகப் பூசக் கூடாது. உலோக அரிப்பு உடலைத் தின்றுவிடும். சிலிகான் வகை வண்ணம் விலை அதிகம். ஆனால் நம் வெதுவெதுப்பான கடலில் பாசி பிடித்த உடல் இழுக்கும் டீசலோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

படி 7: விதிகள்

அதிவேகக் கலன் விதித்தொகுப்பின் வரையறையில், இடம்பெயர்க்கும் நீரின் கன அளவை ஆறாம் மூலம் எடுத்து 3.7-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர்/நொடி வேகத்தை எட்டும் கலன் அதன் கீழ் வரும். 100 கன மீட்டருக்கு அது ஏறக்குறைய 15.5 நாட். ஆக 24 நாட் வேகத்தைத் தேர்ந்தாலும் தீத்தடுப்பு, வெளியேற்றம், இருக்கை வலிமை எல்லாவற்றிலும் அந்த விதிகள் உண்டு. பயணிக் கலன் இயக்க வேகத்தில் நான்கு மணி நேரத்துக்குள் புகலிடத்தை எட்ட வேண்டும் என்பதும் ஒன்று. கரையோரமாக ஓடும் நமக்கு அது சிக்கலில்லை. கப்பலின் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் சோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டு அமைப்பை முதல் வரைபடத்திலேயே கூப்பிட்டுவிடுங்கள்.

படி 8: எல்லாவற்றையும் ஒரு பயணச்சீட்டில் சேருங்கள்

24 நாட் கப்பலின் விலை 40 கோடி என்று கொள்வோம். பத்து சதவீதத்தில் பதினைந்து ஆண்டு என்றால் ஆண்டுத் தவணை 5.26 கோடி, 1,080 நடைக்குப் பகிர்ந்தால் நடைக்கு 48,700 ரூபாய். டீசல் 78,300. ஊழியர், பராமரிப்பு, காப்பீடு, துறைமுகக் கட்டணம் சேர்த்து 40,000. மொத்தம் 1,67,000, பயணி ஒருவருக்கு 1,670 ரூபாய்.

30 நாட் கப்பலுக்கு விலை 44 கோடி, மற்ற செலவு 45,000 என்று வைத்தால் பயணிக்கு ஏறக்குறைய 2,080 ரூபாய். 40 நாட் கப்பல் 60 கோடி; ஆறு நடை ஓடுவதால் முதலீட்டுப் பங்கு மீண்டும் அதே 48,700-க்கு இறங்குகிறது. ஆனால் டீசல் மட்டும் 1,68,750; மற்றவை 50,000; பயணிக்கு 2,675 ரூபாய் வருகிறது. கூடுதல் நடை முதலீட்டுச் சுமையைக் கரைத்தது, எரிபொருளைக் கரைக்கவில்லை. வேகம் கூட்டி நடை கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டுங்கள்.

டீசல் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறினால் 24 நாட் கப்பலில் பயணிக்கு 87 ரூபாய், 30-இல் 122, 40-இல் 188. இயங்கும் நாள் 270-லிருந்து 230-க்கு இறங்கினால் 24 நாட் கப்பலில் முதலீட்டுப் பங்கு மட்டும் பயணிக்கு 85 ரூபாய் கூடும். இந்த இரண்டு சோதனையையும் தாங்காத திட்டத்துக்கு வங்கிக் கதவைத் தட்ட வேண்டாம்.

பேருந்துக் கட்டணத்தோடு பார்த்தால் 1,670 ரூபாய் மிகப் பெரியது. என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன்: அரசு உதவியோ சரக்கு வருமானமோ இல்லாமல் இந்த வழியில் வேகக் கப்பல் நிற்காது. சாலையே இல்லாத வழி வேறு. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குத் தொடங்கிய சேவையில், லட்சத்தீவுக்காகக் கட்டிய 150 இருக்கைச் செரியபாணி என்ற வேகக் கலனை ஓட்டினார்கள். அங்கே கப்பலுக்குப் போட்டி விமானம்தான், பேருந்து அல்ல.

படி 9: ஒப்பந்தமும் ஓட்டச் சோதனையும்

நான்காம் படியில் கண்ட எடையின் விலையையும், மூன்றாம் படியில் கண்ட நிமிடத்தின் விலையையும் அப்படியே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எடை ஒரு டன் கூடினால் 64 லட்சம் பிடித்தம், ஒரு டன் குறைந்தால் அதில் பாதி ஊக்கத்தொகை என்று இருந்தால், கட்டும் பட்டறையே தராசை வாங்கி வைத்துவிடும். வேகத்தை மட்டும் எழுதினால், வெறும் தொட்டியோடும் புதுப் பூச்சோடும் ஒரு காலை நேரத்தில் ஓடிக் காட்டி முடித்துவிடுவார்கள். அந்த வேகம் பயணியோடு ஒருநாளும் வராது. வேகத்தோடு எரிபொருளையும், இரண்டையும் எந்தச் சுமையில் அளப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சோதனை நாளில் ஒவ்வோர் இருக்கையிலும் 75 கிலோ மணல் மூட்டை வையுங்கள். நம் பயணிகள் பையோடும் பிரசாதத்தோடும் வருவார்கள், அதற்கும் சேர்த்து வையுங்கள். எரிபொருள் தொட்டி, குடிநீர்த் தொட்டி எல்லாம் வழக்கமான அளவில் இருக்கட்டும். நீவாட்டின் (கடல் நீரோட்டத்தின்) விளைவு நீங்குவதற்காக வடக்கே ஒருமுறை, தெற்கே ஒருமுறை என்று ஒரே தூரத்தை இருபுறமும் ஓடிச் சராசரி எடுங்கள். பிறகு 25 மீட்டர் ஆழக் கோட்டுக்கு வெளியே, புதுச்சேரியிலிருந்து காரைக்கால் வரை ஒரு முழு நடை ஓட்டி, கரையை விட்ட நேரத்தையும் கரையில் கட்டிய நேரத்தையும் கடிகாரத்தில் எழுதி, குடித்த டீசலை மீட்டரிலும் தொட்டியில் கோல் இறக்கியும் அளந்து, 870 லிட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.